உப்புக் கொட்டகையின் ஈரத்தரை

டெல்மூர் ஊரின் கழிவுநீர்த் தொட்டி செத்துப்போன நான்காம் நாள், அது எதனால் செத்தது என்று ஆராய்ந்து எழுதித் தரும்படி நிரோஜினியைக் கேட்டார்கள். கேட்டவர்களைக் குறைசொல்ல முடியாது. அந்த வட்டாரத்தில் தொட்டிகளைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் இல்லை. அதைக் கொன்றவளே அவள்தான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

தொலைபேசியில் பேசியவர் வட்டார நீர் அதிகாரி மார்லீன். நல்ல மனுஷி. டெல்மூர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினோல்ட்டை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும், அவர் பொறுப்பில்லாமல் நடந்தாரா என்பதை நிரோஜினியின் அறிக்கையை வைத்தே முடிவு செய்யப்போவதாகவும் சொன்னார். பொறுப்பில்லாமல் நடந்தார் என்று வந்தால் அவருடைய உரிமம் போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தக் கதவும் திறக்காது. நிரோஜினி சரி என்றாள். சரி என்று சொன்ன வாயை அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

தொட்டி எங்காவது சாகுமா என்று கேட்கலாம். சாகும். நாம் குளித்தும் கழுவியும் விடுகிற தண்ணீரைச் சுத்தம் செய்வது இயந்திரம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள். காற்று ஊதப்படும் தொட்டியில் பழுப்புச் சேறாக மிதந்து திரிந்து அவை நம் அழுக்கைத் தின்று வாழ்கின்றன. அவற்றுள் அமோனியாவை மாற்றித் தரும் கூட்டம் ஒன்று உண்டு. மெதுவாகத்தான் பெருகும், சின்ன விஷயத்துக்கும் கோபித்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிவிடும். புது மாப்பிள்ளை மாதிரி. கார்வின் ஊர் நிலையத்தில் நிரோஜினி பதினாறு வருடமாக அந்த மாப்பிள்ளைக்குத்தான் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். கலியாண வீடுகளில் என்ன வேலை பிள்ளை என்று மாமிமார் கேட்டால், தண்ணீர் சம்பந்தப்பட்டது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

கனடாவின் குளிர்காலம் முன்னைப்போல் இல்லை. ஒருகாலத்தில் டிசம்பரில் உறைந்தால் மார்ச்சில்தான் உருகுமாம். இப்போது ஒரே மாதத்தில் நாலு தரம் உறைகிறது, நாலு தரம் உருகுகிறது. உறையும்போதெல்லாம் ஊராட்சி லாரிகள் தெருவெங்கும் உப்பைக் கொட்டும். உருகும்போதெல்லாம் அந்த உப்புத் தண்ணீர் பழைய குழாய்களின் வெடிப்புகளில் புகுந்து நிலையத்துக்கு வந்துவிடும். மறுநாள் தொட்டியில் நுரை, கலங்கல், நாற்றம்.

இதை அவளுக்கு முதன்முதலில் விளங்கும்படி சொன்னது பாடப்புத்தகம் இல்லை, ரெஜினோல்ட். குருநகர்க் கடற்கரையில் வளர்ந்தவர். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, அதே ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள டெல்மூர் நிலையத்தில் வேலை. பயிற்சி வகுப்பு ஒன்றில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அவள் காதருகே குனிந்து சொன்னார்.

"மீனுக்கு உப்பைப் போட்டா என்ன நடக்கும் தங்கச்சி? உடம்பில இருக்கிற தண்ணியெல்லாம் வெளியில வந்திடும். நாங்கள் ஒவ்வொரு மாரிக் குளிருக்கும் தொட்டிக்குள்ள கருவாடு போடுறம், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவர் அவளுக்கு ரெஜி அண்ணை.

கருவாடாகாத உயிரைத் தேடி நிரோஜினி வெகுதூரம் போகவில்லை. நிலையத்துக்குப் பின்னால் ஊராட்சியின் உப்புக் கொட்டகை இருந்தது. அதன் மூலையில் நாற்பது வருடமாகக் காயாத குட்டை ஒன்று. நாக்கில் வைத்தால் கடலே தோற்றுவிடும். அந்தக் குட்டையிலும் உயிர்கள் சுகமாக இருந்தன. அவற்றை அப்படியே கொண்டுவந்து தொட்டியில் விட்டால் பிழைக்காது, அழுக்கைத் தின்னவும் தெரியாது. அதனால் அவற்றின் உப்புத் தாங்கும் குணத்தை மட்டும் பிரித்து, ஓர் உயிரிலிருந்து அடுத்த உயிருக்குத் தானாகவே தாவும்படி சிறு மரபுத்துண்டு ஒன்றைச் செய்தாள். இருமல் தொற்றுகிற மாதிரி அது தொற்றும். தொட்டியில் ஒரு குவளை விட்டால் போதும், மற்றது தன்பாட்டில் நடக்கும்.

நடந்தது. முதல் மாரியிலேயே கார்வின் தொட்டி உப்பை உப்பென்றே பார்க்கவில்லை. ஊரே கொண்டாடியது. நிலையத்தின் வாசலில் அவள் பெயரைப் பித்தளையில் பொறித்தார்கள். வசந்தத்தில் நிலையத்தை எல்லோரும் வந்து பார்க்கத் திறந்தநாள் வைத்தபோது சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த இருபத்துமூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு போத்தல் சேறு கொடுத்தனுப்பினாள். எந்த ஆப்பரேட்டரும் அப்படித்தான் செய்வார். ஓரிடத்தில் தொட்டி படுத்துவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து சேறு வாங்கி ஊற்றுவது அந்தத் தொழிலின் வழக்கம். உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் யாராவது கேள்வி கேட்பார்களா? இவர்களும் கேட்பதில்லை, கொடுப்பதோடு சரி.

அந்த வருடம் ஜூலையில்தான் அவளுக்கு முதல் அடி விழுந்தது. தெருவில் உப்பு இல்லை, தண்ணீரில் உப்பு இல்லை, நல்ல வெயில். தொட்டிக்குக் கொண்டாட்டமாக இருக்கவேண்டிய காலம். தொட்டியோ நுரை தள்ளிக் கலங்கியது. நுண்நோக்கியில் பார்த்தாள். உயிர்கள் ஊதி வெடித்துக்கொண்டிருந்தன. உப்பைத் தாங்கப் பழகியவை, உப்பில்லாமல் இருக்கப் பழகவில்லை. தாங்கும் குணத்தோடு தேவையும் சேர்ந்தே தாவியிருக்கிறது.

அன்றைக்கே மார்லீனுக்குச் சொல்லியிருக்கலாம். போத்தல் வாங்கிப்போன இருபத்துமூன்று பேரையும் கூப்பிட்டிருக்கலாம். வாசலில் பித்தளைப் பலகை அப்போதுதான் ஏறியிருந்தது. அதைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடத்துக்குள் எப்படியும் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு போத்தல் சேறு எந்த ஊரை என்ன செய்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டாள். மனிதருக்கு இப்படிச் சொல்லிக்கொள்ளத் தெரியாமல் இருந்திருந்தால் உலகம் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவள் தடித்த ரப்பர்க் குழாயை எடுத்துப்போய் உப்புக் கொட்டகையின் தரையைக் கழுவினாள். கொட்டகையில் மாரியில் போட்டு மிஞ்சிய உப்பு மலைபோல் கிடந்தது. கழுவிய தண்ணீர் வடிகாலில் இறங்கி நேரே நிலையத்துக்குப் போனது. மூன்றாம் நாள் தொட்டி தெளிந்தது. அதன்பிறகு மூன்று கோடைகளாக ஒவ்வொரு காலையும் கழுவினாள். இந்த நாட்டிலேயே சுத்தமான உப்புக் கொட்டகை கார்வினில்தான் இருக்கிறது என்று மேயர் கூட்டத்தில் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நிரோஜினி தலையைக் குனிந்துகொண்டாள், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உப்பை எந்தத் தொட்டியாலும் தின்ன முடியாது. அது அப்படியே ஆற்றுக்குப் போகும், ஆற்றிலிருந்து ஏரிக்கு. முன்பு மாரியில் கரித்த ஏரி கோடையில் மூச்சுவிட்டுக்கொள்ளும். இப்போது கோடையும் போய்விட்டது. அவள் அதை அளந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு பெரிய உருகலில் டெல்மூர்த் தொட்டி கருவாடாகிவிட்டது. ரெஜினோல்ட் தொலைபேசியில் உறைமோர் கேட்டார். அவள் ஒரு டாங்கர் நிறைய அனுப்பினாள். கோடை வந்தால் இதற்கு உப்பு வேண்டும் அண்ணை என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரலில் நேரே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். ஏப்ரலில் காய்ச்சல் வந்தது. மேயில் வெட்கம் வந்தது. ஜூன் பதின்மூன்றாம் திகதி டெல்மூரில் ஆறு மணிநேரம் பெருமழை பெய்தது.

அறிக்கை எழுதுவதற்காக அவள் டெல்மூருக்குப் போனபோது முதலில் கண்டது தொட்டியை இல்லை, வோல்டரை. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் கிழவர். ஏரியில் அற்றுப்போன ஒரு மீனை ஒன்பது வருடமாக வளர்த்துத் திரும்ப விடப் பாடுபட்டவர். அமோனியாத் தண்ணீர் பண்ணைக்குள் புகுந்து நாற்பதாயிரம் குஞ்சுகள் ஒரே பகலில் மிதந்துவிட்டன. நாலு நாளாகியும் அவர் தள்ளுவண்டியில் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, ரெஜினோல்ட் கெட்டவர் இல்லை, அதையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நிரோஜினிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிட வேண்டும்போல் இருந்தது.

ரெஜினோல்ட்டின் வீட்டுக்குப் போகும்போது பிற்பகல் ஆகிவிட்டது. அவர் மனைவி ஜெசிந்தா அக்கா கதவைத் திறந்து, இவர் நாலு நாளாகச் சாப்பிடவில்லை, நீயாவது சொல்லு என்று முணுமுணுத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். அவர் இடுப்பில் அகலமான பட்டி கட்டிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மே மாதமே அந்த இடுப்பு வலியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். வயதாகிறது என்று நினைத்திருந்தாள்.

அவர் சுற்றிவளைக்கவில்லை. "எழுதும் தங்கச்சி. நான் இல்லாத நாளிலதான் செத்தது எண்டு எழுதும். அண்டைக்கு அந்தோனியார் திருநாள். முப்பது வருசமா நான்தான் சொரூபம் தூக்கிறது. இந்த இடுப்போட தூக்க வேண்டாம் எண்டு இவள் சொன்னவள், நான் கேக்கேல்லை. விடியவே ரொறன்ரோவுக்குப் போட்டன். மழை வந்தது. பிழை என்ர."

"அண்ணை, நான் ஒண்டு சொல்லவேணும். பெப்ரவரியில நான் தந்த சேறு…"

"உப்பில்லாமல் இராது," என்றார் ரெஜினோல்ட்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏப்ரலிலேயே கண்டிட்டன். தெரு காய்ஞ்ச உடன தொட்டி நுரைக்கத் தொடங்கிச்சு. மாரியில நல்லா நிண்டது ஏன் இப்ப மாயுது எண்டு யோசிச்சன். கடல் மீனைக் கிணத்துக்குள்ள விட்டா என்னாகும்? கொஞ்சம் உப்புப் போட்டுப் பாத்தன், தெளிஞ்சிட்டுது. பிறகென்ன, ஒவ்வொரு நாள் காலமையும் வேலையாக்கள் வரமுந்திப் போய், மேன்ஹோலைத் திறந்து சவளால உப்பை அள்ளிப் போட்டனான்."

அவள் அவருடைய இடுப்புப் பட்டியைப் பார்த்தாள். டெல்மூர் உப்புக் கொட்டகையில் வடிகால் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கழுவிவிட முடியாது, ஒவ்வொரு சவளாக மனிதன்தான் சுமக்க வேண்டும்.

"ஏன் அண்ணை என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீர் சொல்லேல்லை. சொல்லாட்டி அதுக்கொரு காரணம் இருக்கும். உம்மட பேர் போட்ட சாமான், நான் கேட்டு வெளியில வந்தா உமக்குத்தானே கரைச்சல்." இடுப்புப் பட்டியை இழுத்துச் சரிசெய்தார். "அதுதான் எனக்குப் பதிலா நிண்ட பெடிச்சிக்கும் சொல்லேல்லை. காத்து ஊதிற புளோவரைப் பற்றிச் சொன்னன், பம்பைப் பற்றிச் சொன்னன், சின்னச் சின்ன விசயம் எல்லாம் எழுதி வைச்சன். உப்பை மட்டும் எழுதேல்லை. மழை எல்லாத்தையும் கழுவிக்கொண்டு போட்டுது."

ஜெசிந்தா அக்கா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். நிரோஜினி அதைத் தொடவில்லை. வரும்போது அவர் தன்னைத் திட்டுவார், கைநீட்டினாலும் நீட்டுவார் என்றெல்லாம் நினைத்துத் தயாராகி வந்திருந்தாள். தன் குற்றத்தை இன்னொருவர் இரண்டு மாதமாக முதுகொடியச் சுமந்ததும் அல்லாமல், அதைத் தன்னுடையது என்றே நம்பிக்கொண்டிருப்பார் என்று நினைக்கவில்லை. அழக்கூட அவளுக்கு உரிமை இல்லைப்போல் இருந்தது. ஆனாலும் அழுதாள்.

"உங்கட பேரை நான் எழுதமாட்டன்," என்றாள். "என்ர பேரைத்தான் எழுதப்போறன்."

"ரெண்டு பேரையும் எழுதும்," என்றார் ரெஜினோல்ட். "நானும்தான் ஒளிச்சனான்."

அறிக்கை பதினொரு பக்கம் வந்தது. குட்டையில் தொடங்கி, தாவும் துண்டு, போத்தல்கள், மூன்று கோடை, பெப்ரவரி டாங்கர் வரை ஒன்றையும் விடாமல் எழுதினாள். ரெஜினோல்ட்டின் வரியைக் கடைசிப் பக்கத்தில் அவர் சொன்னபடியே சேர்த்தாள். மார்லீன் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு, ரெஜினோல்ட் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்றார். நிரோஜினியின் உரிமம் பறிக்கப்படும், ஆனால் அதற்குமுன் இரண்டு தொட்டிகளையும் அவளே சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அதுவே பெரிய கருணை என்று நிரோஜினிக்குத் தெரியும். அன்று மாலை அவளே ஏணி வைத்து ஏறிப் பித்தளைப் பலகையைக் கழற்றினாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. இரண்டு தொட்டிகளையும் வடித்து, குளோரினால் கழுவி, எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, அந்தத் துண்டு தொற்றாத பழைய சேற்றை எங்கிருந்தாவது கொண்டுவந்து புதிதாக உறை ஊற்றவேண்டும். திறந்தநாளுக்கு வந்த இருபத்துமூன்று ஊர்களின் பெயரையும் அவள் முதலில் பட்டியலில் கோடிட்டு அடித்தாள். அவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டாள். பிறகு அவற்றின் பக்கத்து ஊர்களையும் அடித்தாள். மிஞ்சியதில் மிகத் தூரமானது ஓஸ்ப்ரி ஹார்பர், வடக்கே நானூறு கிலோமீட்டர், வேறொரு ஆறு, வேறொரு ஏரி. அங்கிருந்து ஒருவரும் கார்வின் பக்கம் வந்ததே இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த கிறிஸ்டின் என்ற இளம்பெண்ணிடம் தொலைபேசியில் சேறு கேட்டாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

ரெஜினோல்ட் தன்னுடைய சின்ன லாரியிலேயே வந்தார். பின்னால் இரண்டு நீல நிறப் பீப்பாய்கள், மூன்று தரம் கழுவி வெயிலில் காயவைத்தவை. வழிநெடுக அவர் தவக்காலத்துப் பாஸ்கு நாடகத்தில் யூதாசாக நடித்த கதையைச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். யூதாசுக்கு ஆள் கிடைக்காமல் பங்குச்சாமி தன்னைப் பிடித்துக்கொண்டதாகவும், ஒரு வருடம் முழுக்க ஊரில் ஒரு பிள்ளையும் தன்னோடு பேசவில்லை என்றும் சொன்னார். அவள் சிரித்தாள். இந்தப் பீப்பாய்கள் நிறைந்துவிட்டால் செய்ததில் பாதியையாவது திருப்பிவிடலாம் என்ற நினைப்பு அவளை லேசாக்கியிருந்தது.

போய்ச் சேரும்போது நண்பகல். ஜூலை வெயில் கொளுத்தியது, மூன்று கிழமையாக அந்தப் பக்கம் மழையே இல்லை. நிலையத்தின் கேட்டுக்குள் லாரி நுழைந்து ஊராட்சியின் உப்புக் கொட்டகையைத் தாண்டியபோது, நிறுத்துங்கோ அண்ணை என்றாள் நிரோஜினி.

கொட்டகையின் கதவு திறந்திருந்தது. தரை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சிந்திய உப்பு ஒரு பரலைக்கூடக் காணவில்லை. கதவோரம் தடித்த ரப்பர்க் குழாய் ஒழுங்காகச் சுருட்டிக் கிடந்தது. வாசலிலிருந்து வடிகால் வரைக்கும் ஈரம் இன்னும் காயவில்லை.

கிறிஸ்டின் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்து கைகொடுத்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நிரோஜினி கைகுலுக்கிவிட்டு, கொட்டகை நல்ல சுத்தமாக இருக்கிறதே என்றாள். ஒவ்வொரு நாளும் காலையில் கழுவுவதாகவும், சுத்தமாக இருந்தால்தான் தனக்குப் பிடிக்கும் என்றும் அந்தப் பெண் சொன்னாள். சொல்லும்போது அவள் நிரோஜினியின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை நிரோஜினிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

இங்கே சேறு எங்கிருந்து வந்தது என்று மெதுவாகக் கேட்டாள். தனக்குமுன் இருந்தவர் போன வருடம் பக்கத்து ஊரிலிருந்து ஜாம் போத்தலில் வாங்கிவந்தாராம். பக்கத்து ஊருக்கு அதற்கு அப்பால் உள்ள ஊரிலிருந்து வந்ததாம். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல சேறுதான், என்றாள் கிறிஸ்டின், கோடையில் மட்டும்… என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

மூன்று கோடையாக நானும் கழுவினேன் என்றாள் நிரோஜினி.

கிறிஸ்டின் தலை நிமிர்ந்தாள். பிறகு தன்னுடைய ஏதோ கைப்பிழையால்தான் தொட்டி இப்படி ஆகிவிட்டது என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருப்பதாகவும், வேலை போய்விடும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை என்றும் திக்கித்திக்கிச் சொன்னாள். அப்படியானால் இது தன் பிழை இல்லையா என்று கேட்டாள்.

இல்லை, இது என்னுடையது என்றாள் நிரோஜினி. சொல்லிவிட்டு, இங்கிருந்து நீ யாருக்காவது கொடுத்தாயா என்று கேட்டாள். அந்தப் பெண் வடக்கே அடுத்த ஊர்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

லாரியின் பின்கதவைத் திறந்திருந்த ரெஜினோல்ட், பீப்பாய்களைத் தொடாமலே அதை மறுபடி மூடினார்.